விஸ்கிக்கு மேலே ஸ்பார்க்ளிங் வைன்: முதன்முறை கலப்பவர்களுக்கு

விஸ்கி சவர் மூன்றே பொருட்களில் நிற்கும் பானம்: விஸ்கி, புளிப்புக்கு ஒரு சாறு, இனிப்புக்குப் பாகு. அதை ஐஸோடு குலுக்கி வடித்து, கிளாஸில் மிஞ்சும் இடத்தை நன்றாகக் குளிர்ந்த, குமிழி எழும் ஸ்பார்க்ளிங் வைனால் நிரப்பினால் வேறொரு பானம் கிடைக்கும். விஸ்கியின் கனம் குறையும், ஓக் மரத்தின் வாசனை மேலே எழும், புளிப்பு கூர்மையாகும். செய்து முடிக்க ஐந்து நிமிடம் போதும். ஆனாலும் யாழ்ப்பாணத்து வீடுகளில் இதைச் செய்து பார்ப்பவர்களுக்குப் பெரும்பாலும் வந்து சேர்வது நுரை அடங்கிப்போன, இளஞ்சூடான, தேசிக்காய் தூக்கலாக நிற்கும் ஒன்று. விலை கூடிய போத்தல் வாங்கினாலும் இது மாறாது. குளிரும் ஊற்றும் விதமும் சரியாக வந்தால் நடுத்தர விலைப் போத்தலிலேயே பானம் அருமையாக வரும்.

முதலில் அந்தக் குமிழியைப் புரிந்துகொள்ள வேண்டும். கள்ளு ஏன் நுரைக்கிறது என்று இங்கே யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. முட்டிக்குள் மதுவம் சீனியைத் தின்று மதுசாரத்தையும் காபனீரொட்சைட்டையும் விடுகிறது. வாய் திறந்திருப்பதால் வாயு வெளியே போய்விடுகிறது. ஸ்பார்க்ளிங் வைனிலும் நடப்பது அதே நொதித்தல்தான். அங்கே வாயு தப்ப வழியில்லை, அதனால் வைனுக்குள்ளேயே கரைந்து கிடக்கிறது. பிரான்சின் ஷாம்பேன் பிரதேசத்தில் இரண்டாவது நொதித்தல் போத்தலுக்குள்ளேயே நடக்கும். இத்தாலியின் புரொசெக்கோ வைனில் பெரும்பாலும் மூடிய உருக்குத் தாங்கிகளுக்குள் நடக்கும். ஷாம்பேன் போத்தல் ஒன்றின் உள்ளே இருக்கும் அமுக்கம் 5 முதல் 6 வளிமண்டலம்.

அடைப்பைத் திறந்த கணத்திலிருந்து அந்த வாயு வெளியேறப் பார்க்கும். எவ்வளவு வேகமாக என்பதை வெப்பநிலை தீர்மானிக்கிறது. சாதாரண வளிமண்டல அமுக்கத்தில், 0 பாகை செல்சியஸில் ஒரு லீற்றர் தண்ணீர் சுமார் 1.7 லீற்றர் காபனீரொட்சைட்டைக் கரைத்து வைத்திருக்கும். 30 பாகையில் அது 0.7 லீற்றருக்கும் கீழே இறங்கிவிடும். சித்திரை வெயிலில் மேசையில் கிடந்த கிளாஸ், அறைச் சூட்டில் இருந்த விஸ்கி, குளிராத பாகு, இவற்றுக்கு மேலே வைனை ஊற்றினால் பாதி வாயு அந்த இடத்திலேயே நுரையாகப் பொங்கிக் கொட்டிவிடும். பார்ப்பவருக்கு அது ஆடம்பரமாகத் தெரியலாம். குடிக்கும்போது கிளாஸில் மிஞ்சியிருப்பது தட்டையான வைன்.

இனி அளவு. ஒருவருக்கு: விஸ்கி 30 மி.லீ., தேசிக்காய்ச் சாறு 15 மி.லீ., சீனிப் பாகு 15 மி.லீ., ஸ்பார்க்ளிங் வைன் 75 மி.லீ. கிடைத்தால், கசப்பு மூலிகைச் சாரமான அங்கொஸ்துரா பிற்றர்ஸ் இரண்டு உதறல். அளவுக் கிண்ணம் இல்லாதவர்கள் பாணி மருந்தோடு வரும் சின்னக் கோப்பையைக் கழுவி எடுத்துக்கொள்ளலாம். அதில் கோடுகள் சரியாக இருக்கும். ஒரு மேசைக்கரண்டி 15 மி.லீ., ஒரு தேக்கரண்டி 5 மி.லீ. கண்ணளவில் ஊற்றாதீர்கள். இவ்வளவு சிறிய பானத்தில் 5 மி.லீ. சாறு கூடினாலே எல்லாம் சாய்ந்துவிடும்.

விஸ்கியில் பேர்பன்தான் இதற்கு நன்றாகப் பொருந்தும். அமெரிக்கச் சட்டப்படி பேர்பனின் தானியக் கலவையில் குறைந்தது 51 சதவீதம் சோளமாக இருக்க வேண்டும்; உள்ளே கருக்கிய புதிய ஓக் கொள்கலனில் அது வைக்கப்பட வேண்டும்; போத்தலில் 40 சதவீத மதுசாரத்துக்குக் குறையக் கூடாது. புதிய மரமும் கருக்கலும் தரும் வனிலா வாசனையும் இனிப்பும் வைனின் புளிப்போடு நன்றாக ஒட்டும். ஸ்கொட்லாந்தில் குறைந்தது மூன்று ஆண்டுகள் ஓக் பீப்பாயில் கிடந்துதான் ஸ்கொச் என்ற பெயர் பெறும். கலப்பு ஸ்கொச்சும் பாவிக்கலாம், சீனிப் பாகை மட்டும் கொஞ்சம் கூட்டுங்கள். புகை மணக்கும் வகைகளை விடுங்கள். அந்தப் புகைக்குப் பக்கத்தில் வைனின் பழவாசனை நிற்காது. தென்னஞ்சாராயத்தை வைத்தும் இதே அளவில் செய்யலாம். பனஞ்சாராயத்தின் வாசனை வலியது, ஆகவே 20 மி.லீ.யில் தொடங்கிச் சுவைத்துப் பார்த்துக் கூட்டுவது நல்லது.

ஸ்பார்க்ளிங் வைன் வாங்கும்போது லேபிளைக் கவனியுங்கள். புரூட் என்று எழுதியிருந்தால் லீற்றருக்கு 12 கிராமுக்குக் குறைவான சீனி. எக்ஸ்ட்ரா டிரை என்ற பெயரைப் பார்த்து அதுதான் இனிப்பே இல்லாதது என்று பலர் எடுத்துவிடுகிறார்கள். உண்மையில் அது புரூட்டைவிட இனிப்பானது, லீற்றருக்கு 12 முதல் 17 கிராம். டெமி செக் 32 முதல் 50 கிராம். இந்தப் பானத்துக்கு வேண்டியது புரூட். இனிப்பு வகைதான் கடையில் இருக்கிறதென்றால் வாங்கலாம், பாகை 5 மி.லீ. அளவுக்குக் குறைத்துவிடுங்கள். கணக்கு இலகுவானது: 15 மி.லீ. பாகில் ஏறத்தாழ 9 கிராம் சீனி இருக்கிறது, மிக இனிப்பான வைன் 75 மி.லீ.யில் மட்டுமே 6 கிராமுக்கு மேல் வந்துவிடலாம். ஷாம்பேன் வாங்கி இதில் ஊற்றுவது தேவையில்லாத செலவு. தேசிக்காயும் விஸ்கியும் சேர்ந்த பிறகு அதன் நுண்ணிய சுவைகள் யாருக்கும் தெரியப்போவதில்லை. போயா தினங்களில் கடை பூட்டியிருக்கும் என்பதையும், 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக்கூடாது என்பது நாட்டுச் சட்டம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பாகுக்கு 100 கிராம் வெள்ளைச் சீனி, 100 மி.லீ. தண்ணீர். சூடாக்கிக் கரைத்தால் போதும், கொதித்து இறுக விடக் கூடாது. சுமார் 160 மி.லீ. கிடைக்கும்; பிரிட்ஜில் இரண்டு வாரம் இருக்கும். அதே அளவில் பனங்கட்டிப் பாகு செய்தால் பேர்பனோடு அது இன்னும் ஆழமாகப் போகும். நாங்கள் சீனியைவிட இதைத்தான் விரும்புகிறோம். ஆனால் அதில் ஒரு வேலை கூட இருக்கிறது. பதநீர் புளிக்காமலிருக்க முட்டிக்குள் சுண்ணாம்பு பூசுவார்கள். அதன் எச்சமும் நார்த்துகளும் ஓலைக் குட்டானில் வரும் பனங்கட்டியில் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். அந்தத் துகள்கள் ஒவ்வொன்றும் வாயுக் குமிழி பிறக்கும் இடமாகி, வைனை ஊற்றியவுடன் பொங்க வைக்கும். ஆகவே கொதிக்க வைத்து, இரவு முழுவதும் அடங்க விட்டு, மேலே தெளிந்ததை மட்டும் இரட்டைத் துணியில் வடியுங்கள். சுண்ணாம்பின் காரத்தன்மை புளிப்பையும் சற்று அடக்கும் என்பதால் தேசிக்காய் 2 அல்லது 3 மி.லீ. கூடத் தேவைப்படலாம். பானத்தின் நிறம் தேனீர்போல இருக்கும். அது குறையல்ல. பனங்கற்கண்டு இன்னும் தெளிவான பாகைத் தரும், ஆனால் பனங்கட்டியின் கருகல் மணம் அதில் குறைவு.

மேற்கத்தியக் குறிப்புகள் மஞ்சள் எலுமிச்சையைச் சொல்லும். நம் தேசிக்காயில் தோலின் கசப்பும் மணமும் கூடுதலாக இருக்கும். வெட்டிக் கையால் பிழிந்தால் போதும். வலுவான கருவியில் தோல் நசுங்கும்வரை பிழிந்தால் தோலெண்ணெய் சாற்றில் இறங்கி நாக்கில் கசப்பாக ஒட்டும். பிழிந்தபின் விதையையும் சக்கையையும் வடித்துவிடுங்கள். சக்கைத் துண்டும் பொங்கலைக் கூட்டும். காலையில் பிழிந்து இரவில் பாவிக்காதீர்கள். நான்கு மணித்தியாலத்துக்குள் முடிப்பது நல்லது.

ஐஸ் விஷயத்தில் இங்கே தனிக் கவனம் வேண்டும். குருநகர், பாசையூர் பக்கம் மீனுக்கு இறக்கும் பெரிய ஐஸ்கட்டி மலிவாகக் கிடைக்கும். அது குடிக்கும் பானத்துக்குள் போகக் கூடாது. போத்தலை வெளியே இருந்து குளிர வைக்க மட்டும் பாவியுங்கள். குடாநாட்டுக் கிணறுகளில் ஊறுவது சுண்ணாம்புக் கற்பாறைக்குள் தங்கிய தண்ணீர். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது அந்தச் சுண்ணாம்புதான். கரையோரக் கிணறுகளில் உவரும் சேரும். அந்தத் தண்ணீரை அப்படியே உறைய வைத்தால் குலுக்கும்போது உருகி, உவர்ச் சுவை பானத்தில் ஏறும். வடிகட்டிய தண்ணீரையோ போத்தல் தண்ணீரையோ உறைய வையுங்கள். கருவாடோ இறைச்சியோ இருக்கும் பிரீசரில் ஐஸ் தட்டை மூடி வைக்காவிட்டால் அந்த மணத்தையும் அது பிடித்துக்கொள்ளும்.

போத்தலைக் குளிர வைப்பதுதான் பாதி வேலை. பிரிட்ஜில் குறைந்தது நான்கு மணித்தியாலம், நிமிர்த்தி. அவசரமென்றால் ஒரு வாளியில் ஐஸும் தண்ணீரும் பாதிப் பாதி, ஒரு கைப்பிடி உப்பு. போத்தலைக் கழுத்துவரை அமிழ்த்தி அரை மணித்தியாலம். வெறும் ஐஸில் புதைத்தால் கட்டிகளுக்கு இடையில் காற்றுத்தான் இருக்கும், குளிர் மெதுவாகவே இறங்கும். தண்ணீர் போத்தல் முழுவதையும் தொடும். பிரீசரில் வைத்துவிட்டு மறந்துபோவது ஆபத்து. வைன் பூச்சியத்துக்குக் கீழே ஐந்தாறு பாகையில் உறையத் தொடங்கி விரியும், வீட்டு பிரீசர் அதைவிட நிறையக் குளிரானது, போத்தல் வெடிக்கலாம். மோட்டார் சைக்கிளில் குலுங்கி வந்த போத்தலை அன்றே அவசரமாகத் திறக்கவும் கூடாது. ஒரு நாள் அசையாமல் இருக்கட்டும். கிளாஸையும் விஸ்கியையும் பாகையும்கூட பிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மின்சாரம் போகும் நாளில் விருந்து வைக்கும் எண்ணம் இருந்தால் அந்த வாளி முறைதான் கைகொடுக்கும்.

கிளாஸ் ஒடுங்கிய உயரமானதாக இருக்கட்டும். வாய் அகன்ற கிண்ணக் கிளாஸில் மேற்பரப்பு பெரிது, வாயு வேகமாகப் போகும். கழுவிய கிளாஸைக் கவிழ்த்துத் தானாக உலர விடுங்கள். துணியால் அழுத்தித் துடைத்தால் கண்ணுக்குத் தெரியாத பஞ்சு நார்கள் உள்ளே ஒட்டும். கிளாஸில் குமிழிகள் வரிசையாகப் பிறப்பது பெரும்பாலும் அந்த நார்களில்தான். ஒன்றிரண்டு இருந்தால் அழகு, நிறைய இருந்தால் பொங்கல். கிணற்றுத் தண்ணீரின் வெள்ளைப் படிவு உள்ளே இருந்தால் வினாகிரி விட்டுக் கழுவினால் போய்விடும்.

கலப்பது

மூடி இறுகப் பூட்டும் ஜாம் போத்தல் ஒன்று குலுக்கும் பாத்திரத்துக்குப் போதும். விஸ்கி, சாறு, பாகு, பிற்றர்ஸ் எல்லாம் அதில் ஊற்றி, ஐந்தாறு பெரிய ஐஸ்கட்டிகள் போட்டு 10 முதல் 12 செக்கன் பலமாகக் குலுக்குங்கள். வெளிப்புறம் வியர்த்துக் கை தாங்க முடியாத குளிராகும்போது நிறுத்தலாம். இந்த நேரத்தில் சுமார் 20 மி.லீ. தண்ணீர் உருகிச் சேரும். அது வேண்டியதுதான், அது இல்லாமல் விஸ்கி தொண்டையைச் சுடும். நொறுங்கின ஐஸ் போட்டால் இரண்டு மடங்கு உருகிப் பானம் நீர்த்துவிடும். ஸ்பார்க்ளிங் வைனை மட்டும் எந்தக் காரணத்துக்கும் இந்தப் போத்தலுக்குள் போட்டுக் குலுக்காதீர்கள். வாயு ஒரேயடியாக வெளிவந்து மூடியைத் தூக்கும், கண்ணாடி உடைந்தால் காயம் வரும்.

விஸ்கி சவரில் சிலர் முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பார்கள். இங்கே வேண்டாம். அதன் நுரையும் வைனின் வாயுவும் சேர்ந்தால் கிளாஸ் வழியும், வெயில் நாட்டில் பச்சை முட்டை நம்பிக்கையான பொருளும் அல்ல.

குலுக்கியதைத் தேனீர் வடியில் வடித்துக் குளிர்ந்த கிளாஸில் ஊற்றுங்கள். ஐஸ் துணுக்கு ஒன்றும் விழக் கூடாது. அரை நிமிடம் பொறுங்கள். குலுக்கும்போது கலந்த காற்றுக் குமிழிகள் மேலே வந்து அடங்க வேண்டும், அவை இருக்கும்போது வைன் ஊற்றினால் நுரை கட்டுக்கடங்காது.

இந்த இடைவெளியில் போத்தலைத் திறக்கலாம். தாளை உரித்து, அடைப்பின் மேல் பெருவிரலை வைத்து அழுத்திக்கொண்டே கம்பிக் கூட்டை ஆறு அரைச்சுற்றில் தளர்த்துங்கள். கூட்டை முழுதாகக் கழற்ற வேண்டாம். போத்தலை 45 பாகை சாய்த்து, வாயை ஆட்களும் மின்குமிழும் இல்லாத பக்கம் திருப்பி, அடைப்பை ஒரு கையால் இறுகப் பிடித்து மற்றக் கையால் போத்தலின் அடியைச் சுற்றுங்கள். அடைப்பைச் சுற்றினால் அது முறியும் அல்லது கையை விட்டுப் பறக்கும். சரியாகத் திறந்தால் மெல்லிய மூச்சுச் சத்தம் மட்டும் வரும். பெரிய வெடிச் சத்தத்தோடு போவது பானத்துக்கு வேண்டிய வாயு.

கிளாஸையும் சாய்த்துப் பிடித்து, உள்சுவரில் வழியும்படி வைனை மெதுவாக விடுங்கள். முதலில் 20 மி.லீ., நுரை எழுந்து இறங்கட்டும், பிறகு மீதி. பாகு கலந்த விஸ்கி கனமானது, அடியில் தங்கும். நீண்ட கரண்டியை அடிவரை இறக்கி ஒரே ஒருமுறை மேலே தூக்கினால் போதும். கலக்கிச் சுற்றினால் வாயு போய்விடும். கடைசியாக விரல் நீளத் தேசிக்காய்த் தோல் அல்லது தோடம்பழத் தோல் ஒன்றை, வெளிப்புறம் கிளாஸைப் பார்க்கும்படி பிடித்து மடித்தால் எண்ணெய் துமித்துப் பானத்தின் மேல் படியும். முதல் மிடறின் மணம் அதுதான். தோலை உள்ளே போட வேண்டிய அவசியமில்லை.

பிழை வந்தால் அடையாளம் காண்பது கடினமல்ல. ஊற்றியவுடன் பொங்கி, இரண்டு நிமிடத்தில் தட்டையானால் ஏதோ ஒன்று குளிரவில்லை, பெரும்பாலும் கிளாஸ்தான். எல்லாம் குளிராக இருந்தும் பொங்கினால் பாகையும் சாற்றையும் மறுபடி வடியுங்கள். புளிப்பு முன்னே வந்து நின்றால் சாற்றைக் குறைக்கலாம் என்று தோன்றும், ஆனால் பாகை 3 மி.லீ. கூட்டுவதே நல்லது. வைனே தன் பங்குக்குப் புளிப்பைக் கொண்டுவருகிறது. சாற்றை நிறையக் குறைத்தால் தேசிக்காயின் மணமும் கூடவே போய்விடும். விஸ்கி தெரியவே இல்லையென்றால் வைன் அதிகம், 60 மி.லீ.க்கு இறக்குங்கள். வாயில் கசப்புத் தங்கினால் தேசிக்காயை அதிகம் நசுக்கியிருக்கிறீர்கள்.

பலர் கூடும் வீட்டில் ஒவ்வொன்றாகக் குலுக்குவது முடியாத காரியம். எட்டுப் பேருக்கு: விஸ்கி 240 மி.லீ., சாறு 120, பாகு 120, அதோடு குடிக்கும் தண்ணீர் 160 மி.லீ. இந்தத் தண்ணீர், ஐஸ் உருகிச் சேரவேண்டிய பங்குக்குப் பதில். எல்லாவற்றையும் ஒரு போத்தலில் கலந்து இரண்டு மூன்று மணித்தியாலம் பிரிட்ஜில் வையுங்கள். ஆட்கள் வந்தபின் ஆளுக்கு 80 மி.லீ. ஊற்றி, மேலே 75 மி.லீ. வைன் விட்டால் ஆயிற்று. 750 மி.லீ. போத்தல் ஒன்று எட்டுக் கிளாஸுக்குப் போய், நுரையில் வீணாவதற்கும் கொஞ்சம் மிஞ்சும். குலுக்காததால் காற்றுக் குமிழி இல்லை. சொல்லப்போனால் இந்த முறையில்தான் நுரை அதிக நேரம் நிற்கிறது.

இந்தக் கலவைக்கு உறவுகள் உண்டு. ஜின்னும் எலுமிச்சையும் சீனியும் கலந்து ஷாம்பேன் ஊற்றுவது பிரெஞ்ச் 75. முதலாம் உலகப் போரில் பிரெஞ்சுப் படை பாவித்த 75 மில்லிமீற்றர் பீரங்கியின் பெயர் அது. அமெரிக்காவின் கென்டக்கியில், லூயிவில் நகரத்தில் 1905இல் திறந்த சீல்பாக் ஹோட்டலின் பெயரில் இன்னொன்று இருக்கிறது: பேர்பன் 30 மி.லீ., தோடம்பழ மதுவான குவாந்த்ரோ 15 மி.லீ., அங்கொஸ்துரா ஏழு உதறல், பெய்ஷோ பிற்றர்ஸ் ஏழு உதறல், மேலே 150 மி.லீ. ஸ்பார்க்ளிங் வைன். மதுவிலக்குக்கு முந்தைய பழைய செய்முறை, மறுபடி கண்டெடுத்தது என்று 1990களிலிருந்து அதைச் சொல்லி வந்தார்கள். கண்டெடுத்ததாகச் சொன்னவரே 2016இல் அது தன் சொந்தப் படைப்பு என்று ஒப்புக்கொண்டார். கதை பொய்யானாலும் பானம் நல்லது. புளிப்புச் சாறு இல்லாததால் அதற்கு வைன் கூட வேண்டும், பிற்றர்ஸ்தான் சமன் செய்யும் பொருள். அந்த இரண்டு பிற்றர்ஸும் கிடைக்காமல் அதைச் செய்யத் தொடங்காதீர்கள்.

இதன் வீரியத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. 30 மி.லீ. விஸ்கியில் 12 மி.லீ. தூய மதுசாரம், 75 மி.லீ. வைனில் இன்னும் எட்டு ஒன்பது மி.லீ. நேரே ஊற்றிய 60 மி.லீ. விஸ்கியில் இருப்பது 24 மி.லீ. குளிரும் இனிப்பும் அதை மறைத்துவிடும். வாயு கலந்த மது பலருக்குச் சீக்கிரம் ஏறும். இரண்டாவது கிளாஸுக்கு முன் ஒரு கிளாஸ் தண்ணீர், கூடவே ஏதாவது சாப்பாடு. எண்ணெயில் பொரித்த றால் வடை, மோர் மிளகாய் இல்லாத கடலை, நண்டுப் பொரியல் எல்லாம் நன்றாகப் போகும். அதிக உறைப்பு மட்டும் வேண்டாம், மதுசாரமும் வாயுவும் சேர்ந்து அந்த எரிவைக் கூட்டும். குடித்தவர் சாவியைத் தொடக் கூடாது.

திறந்த போத்தலின் வாயில் கரண்டியைச் செருகி வைத்தால் வாயு நிற்கும் என்பது ஒரு நம்பிக்கை மட்டுமே, அது எதையும் தடுக்காது. கழுத்தைக் கவ்விப் பிடிக்கும் அடைப்பான் இருந்தால் பிரிட்ஜில் மறுநாள்வரை பாவிக்கக்கூடியதாக இருக்கும். அடைப்பான் இல்லையென்றால், ஓரிருவருக்குச் செய்யும்போது 200 மி.லீ. அளவுச் சிறிய போத்தல் வாங்குவதே நட்டமில்லாத வழி. வாயு போன மீதி வைனைக் கொட்ட வேண்டாம். அதே எடை சீனி போட்டுக் காய்ச்சினால் அடுத்த தடவைக்கு வேண்டிய பாகு அதிலேயே கிடைக்கும்.